நிழலில் தெரியும் நரி: ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களின் நகல் தொகுப்பு

கடந்த ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்த புத்தகக் காட்சியில், ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களில் இடம்பெறும் விலங்குக் கதைகளைத் திரட்டிய 12 நகல்கள் கொண்ட உறையொன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். மூலப் படங்கள் ஏறத்தாழ 39 செ.மீ. உயரமும் 26 செ.மீ. அகலமும் உடையவை, நகல்கள் ஏ4 தாளுக்குள் அடங்குகின்றன.

தொகுப்பில் மனத்தை விட்டு அகலாதது, ஓவியர் யோஷிதோஷி 1889க்கும் 1892க்கும் இடையில் வெளியிட்ட வரிசையைச் சேர்ந்த, குசுனோஹா என்னும் நரிப்பெண்ணின் படம். வேட்டையிலிருந்து தன்னைக் காத்தவனுக்கு மனைவியாகிப் பிள்ளையும் பெற்ற வெள்ளை நரி, உண்மை வெளிப்பட்டதும் குழந்தையைப் பிரிந்து காட்டுக்குத் திரும்புகிறது. காகிதக் கதவில் தெரியும் நிழலுருவம்தான் அவள் யார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. நரியைப் பரியாக்கி, அன்றிரவே பரியை மீண்டும் நரியாக்கிய மதுரைத் திருவிளையாடலைக் கேட்டு வளர்ந்த நமக்கு உருமாற்றம் புதிதன்று. அங்கே இறைவன் ஆணையால் மாறிய நரி, இங்கே நன்றிக்காகத் தானே மாறி, பிரிவின் துயரையும் தானே சுமக்கிறது. அந்நிழலின் மெல்லிய நிறம் குலையாமல் அச்சிட்டவரைப் பாராட்டுகிறேன்.

ஓவியர் ஹிரோஷிகேயின் 1857ஆம் ஆண்டுப் படத்துக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை. ஆண்டின் கடைசி இரவில், ஓஜி என்னும் ஊரில் நெல் தெய்வமான இனாரியின் கோயிலுக்குச் செல்லும் நரிகள் வழியிலுள்ள ஒரு மரத்தடியில் கூடும் என்றும், அவற்றோடு தோன்றும் தீச்சுடர்களைக் கொண்டு உழவர்கள் வரும் ஆண்டின் விளைச்சலைக் கணிப்பார்கள் என்றும் சொல்லப்பட்டது. கட்டையின்மேல் வண்ணத்தைக் கையால் படிப்படியாக மெலிக்கும் பொகாஷி என்ற நுட்பமே அந்த இரவுக்கு ஆழம் தருகிறது. நகலில் அது கனத்த கறுப்பாகிவிட்டதால், தொலைவிலிருந்து வந்துகொண்டிருக்கும் சிறு நரிகள் இருளில் கரைந்துவிட்டன. உழவர்கள் எண்ணிய சுடர்களை நம்மால் எண்ண முடியவில்லை.

1855இல் எடோவை (இன்றைய டோக்கியோவை) உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் வெளியான கெளுத்தி மீன் படம் தெளிவாக உள்ளது. பூமிக்கடியில் கிடக்கும் அம்மீனைக் காஷிமா தெய்வம் கல்லால் அழுத்தி வைத்திருப்பதாகவும், பிடி தளர்ந்தால் அது புரண்டு நிலம் அதிரும் என்றும் நம்பினர். வீடுகளை மீண்டும் கட்டிப் பொருளீட்டிய தச்சர்கள் அந்த மீனுக்குப் பரிந்து நிற்கும் படங்களும் அன்று அச்சாயின. அவற்றில் ஒன்றையேனும் சேர்த்திருக்கலாம்.

பின்புறத் தமிழ்க் குறிப்புகள் அவசரத்தில் எழுதப்பட்டவை. ஓவியர் குனியோஷி வரைந்த தனுகியை மரநாய் என்று குறித்திருப்பது பிழை. உருமாறி மனிதரை ஏய்ப்பதாகக் கதைகள் சொல்லும் தனுகி, நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு.

தாள் தடிமனானதுதான், ஆனால் பெசன்ட் நகரின் உப்புக்காற்றில் இரண்டே வாரத்தில் ஓரம் சுருண்டது. வாங்குபவர்கள் உடனே கண்ணாடிச் சட்டமிடுவது நல்லது. குசுனோஹாவை வெயில் படாத சுவரில் மாட்டியிருக்கிறேன். ஓஜி நரிகள் உறைக்குள்ளேயே இருக்கின்றன.