‘உங்கள் காதுக்கென்றே அளந்து தருகிறோம்’: 7,500 ரூபாய்க்கு விற்கப்பட்ட இலவசக் கோப்பும் புதிதென்று தரப்பட்ட பழைய ஹெட்ஃபோனும்

உயர்விலை ஹெட்ஃபோன்களை உட்கார்ந்து கேட்டுப் பார்த்து வாங்க வசதி செய்து தரும் சென்னைக் கடை ஒன்றில், கடந்த பிப்ரவரியில் 1,38,000 ரூபாய்க்கு ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன். அதற்கு மேல் 7,500 ரூபாய் கட்டி, ‘காது அளவீட்டு ஈக்வலைசர்’ என்று அவர்கள் அழைக்கும் சேவையையும் எடுத்துக்கொண்டேன். ஒலியின் வெவ்வேறு சுருதிகளைத் தனித்தனியே கூட்டவோ குறைக்கவோ செய்வதுதான் ஈக்வலைசர்; அந்த அமைப்பை என் காதுக்கேற்ப அளந்து ஒரு கோப்பாகத் தருவதே சேவை என்றார்கள். கடையில் எனக்குக் காட்டப்பட்ட ஒப்பீடு நேர்மையானதல்ல என்பதும், சேவை என்ற பெயரில் வந்தது எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு கோப்பு என்பதும், புதிதென்று சொல்லி விற்ற ஹெட்ஃபோன் ஏற்கெனவே வேறு காதுகளில் இருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியவர 19 நாட்கள் ஆயின. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஹெட்ஃபோனைத் தயாரித்த நிறுவனத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லாததால் அதன் பெயரையும் தவிர்க்கிறேன்.

ஆறு ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வருவது சென்ஹைசர் ஹெச்டி 600. 1997-இல் வெளிவந்து இன்றும் விற்பனையில் இருக்கும் மாதிரி அது. குரலும் வயலினும் அதில் இயல்பாக ஒலிக்கும். அதன் குறை அடிநாதத்தில்தான்; 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் கும்காரத்தின் அடிப்பகுதியைக் கேட்க வேண்டும் என்பதே என் நெடுநாள் ஆசை. அதனால்தான், ஒலியெழுப்பும் மெல்லிய படலம் தட்டையாக இருக்கும் பிளேனர் வகை ஹெட்ஃபோன் ஒன்றை என்னுடையதோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று போனேன்.

கடையில் மேசைமேல் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. அவர்களுடைய ஹெட்ஃபோன் ஒரு மடிக்கணினியோடும் பெரிய ஆம்ப்ளிஃபயரோடும் இணைக்கப்பட்டிருந்தது. நான் கொண்டுபோனதை, “வசதிக்காக இதில் போடுகிறேன் சார்” என்று சொல்லி, ஒரு கைபேசியோடு இணைந்த சிறிய டாக்கில் (டிஜிட்டல் தரவை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் கருவி) செருகினார் விற்பனையாளர். ஒரே கச்சேரிப் பதிவின் தனியாவர்த்தனப் பகுதியை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டார். அவர்களுடையதில் தொப்பி மார்பில் வந்து மோதுவது போலக் கேட்டது. வலந்தலையின் சாப்பு தனியே விலகி ஒலித்தது. என்னுடையது அதன் அருகே மூடிய அறைக்குள் வாசிப்பது போல இருந்தது. இருபது நிமிடத்தில் நான் மனத்தளவில் வாங்கிவிட்டேன்.

அங்கே நான் கவனித்திருக்க வேண்டியவை இரண்டு. முதலாவது ஒலியளவு. ஹெச்டி 600-இன் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்தை அது எதிர்க்கும் அளவு, 300 ஓம். பிளேனர் ஹெட்ஃபோன்கள் பலவும் அதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். வெவ்வேறு ஹெட்ஃபோன்களை வெவ்வேறு ஆம்ப்ளிஃபயர்களில் செருகினால் இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிப்பது தற்செயலாகக்கூட நடக்காது. இரண்டு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதை நம் காது ‘சத்தம் அதிகம்’ என்று சொல்வதில்லை. ‘தெளிவு அதிகம், அடிநாதம் அதிகம்’ என்றே சொல்லும். ஒலியின் அளவு குறையும்போது தாழ்ந்த சுருதிகளை நம் செவி மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே சற்றே குறைந்த சத்தத்தில் ஒலிக்கவிடப்பட்ட ஹெட்ஃபோன், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அடிநாதம் இல்லாததாகத்தான் தோன்றும். இரண்டாவது, அந்த மடிக்கணினியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது. அதை நான் கேட்கவே இல்லை.

வாங்க முடிவு செய்த பிறகுதான் ‘காது அளவீடு’ பற்றிப் பேச்சு வந்தது. சிறிய ஒலிவாங்கி ஒன்றைக் காதருகே வைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம் வரை ஏறும் ஓர் ஊளை ஒலியைப் பத்து நிமிடம் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். திரையில் வளைகோடுகள் ஓடின. “உங்கள் காதுக்கென்றே அளந்து தருகிறோம் சார், இது வேறு யாருக்கும் பொருந்தாது” என்றார்கள். ஆனால் ஹெட்ஃபோன் 200 மணி நேரம் ஓடிப் பழகிய பிறகுதான் கோப்பைப் பயன்படுத்த வேண்டும் என்றும், அதனால் அது பன்னிரண்டாம் நாள் மின்னஞ்சலில் வரும் என்றும் சொன்னார்கள்.

வீட்டில் முதல் நாளே ஏமாற்றம். அதே பதிவு, அதே ஹெட்ஃபோன். கடையில் மோதிய தொப்பி இங்கே தூரத்தில் தட்டியது. மூன்றாம் நாள் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். “இன்னும் ஓடணும் சார், 200 மணி நேரம் ஆகட்டும், அப்புறம் பாருங்க” என்றார்கள். பில்லின் கீழே, திருப்பித் தரும் காலம் ஏழு நாள் என்று அச்சிட்டிருந்தது. இரவு பகலாக ஒரு நொடி நிறுத்தாமல் ஓடவிட்டாலும் 200 மணி நேரம் முடிய எட்டு நாளும் எட்டு மணி நேரமும் ஆகும். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது ஒன்பதாம் நாள். புதிய ஹெட்ஃபோனில் நாள்பட மாறுவதில் பெரும்பகுதி, காது மெத்தைகள் தலைக்கேற்ப அமிழ்வதும், புதிய ஒலிக்கு நம் செவி பழகிப்போவதும்தான். கடையில் கேட்டது வீட்டில் கேட்கவில்லை என்றால், ‘பழகட்டும்’ என்ற பதிலைத் திருப்பித் தரும் காலத்துக்குள் ஒருபோதும் ஏற்காதீர்கள்.

பன்னிரண்டாம் நாள் கோப்பு வந்தது. விண்டோஸில் இலவசமாக நிறுவிக்கொள்ளும் ஈக்வலைசர் ஏபிஓ மென்பொருளில் அதை ஏற்றச் சொல்லியிருந்தார்கள். ஏற்றியதும் கடையில் கேட்ட அதே ஒலி திரும்பி வந்தது. முதலில் மகிழ்ந்தேன். அன்றிரவே உறுத்தத் தொடங்கிவிட்டது. கோப்பு ஏற்றினால்தான் இந்த ஒலி வரும் என்றால், கோப்பே இல்லாத அந்த முதல் நாள் கடையில் நான் கேட்டது எப்படி?

கோப்பைத் திறந்தேன். பதினொரு வரிகள். முதல் வரியில் ப்ரீஆம்ப் −6.3 டெசிபல், அடுத்து 105 ஹெர்ட்ஸில் ஒரு லோ ஷெல்ஃப், க்யூ 0.70, எட்டு பீக்கிங் ஃபில்டர்கள், கடைசியில் 10,000 ஹெர்ட்ஸில் ஒரு ஹை ஷெல்ஃப். இத்தகைய பாராமெட்ரிக் ஈக்வலைசருக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: எந்தச் சுருதியில், எத்தனை டெசிபல் ஏற்றுவது அல்லது இறக்குவது, அந்த மாற்றம் எவ்வளவு அகலமாகப் பரவ வேண்டும் (இதுதான் க்யூ) என்ற மூன்றையும்தான் ஒவ்வொரு ஃபில்டர் வரியும் சொல்கிறது. பீக்கிங் என்பது ஒரு சுருதியைச் சுற்றி மட்டும் மாற்றுவது; லோ ஷெல்ஃப் அதற்குக் கீழுள்ள எல்லாவற்றையும், ஹை ஷெல்ஃப் மேலுள்ள எல்லாவற்றையும் மாற்றுவது. ஏதோ ஓர் இடத்தில் ஆறு டெசிபல் ஏற்றினால், டிஜிட்டல் ஒலி தன் உச்சவரம்பில் முட்டி உடையாமல் இருக்க மொத்தத்தையும் அதே அளவு முன்கூட்டியே இறக்க வேண்டும். அதற்குத்தான் முதல் வரி.

ஆட்டோஈக்யூ என்ற திறமூலத் திட்டம் ஆயிரக்கணக்கான ஹெட்ஃபோன்களுக்கு இத்தகைய அமைப்புகளை இலவசமாகத் தருகிறது. பலரும் வெளியிட்ட அளவீடுகளை எடுத்துக்கொண்டு, அவற்றை ஓர் இலக்கு வளைகோட்டுக்கு (எந்தச் சுருதி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்ற வரைபடம்) கொண்டுவரும் ஃபில்டர்களைக் கணினியே கணக்கிட்டுவிடும். அந்த இலக்கு பெரும்பாலும் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி ஆகியோர் கேட்போரின் விருப்பங்களைச் சோதித்து உருவாக்கியதுதான். 105 ஹெர்ட்ஸ் ஷெல்ஃபும் 10,000 ஹெர்ட்ஸ் ஷெல்ஃபும் அந்தத் திட்டத்தின் வழக்கமான அமைப்பு. நான் வாங்கிய மாதிரியின் பெயரைத் தேடி அதன் பக்கத்தைத் திறந்து, என் கோப்பைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டேன். பதினொரு வரியும் தசமப்புள்ளி வரை ஒன்றே. என் இடது காதில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கேட்கும் திறன் குறைவு. காது மூக்கு தொண்டை மருத்துவர் எடுத்த ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனையின் வரைபடம்) என்னிடம் இருக்கிறது, அளவீட்டின்போது அதை அவர்களிடம் காட்டவும் செய்தேன். ஆனாலும் கோப்பில் இடதுக்கும் வலதுக்கும் ஒரே எண்கள்தான். பத்து நிமிடம் நான் கேட்ட அந்த ஊளை ஒலி எதற்கும் பயன்படவில்லை.

திட்டத்தைச் செய்தவர்கள் உழைத்து இலவசமாகத் தந்ததை, ‘வேறு யாருக்கும் பொருந்தாது’ என்று சொல்லி விற்றதுதான் பணம் போனதைவிட எனக்கு அதிகம் வலித்தது.

அடுத்து என் ஹெச்டி 600-க்கான அமைப்பையும் இறக்கி, இரண்டையும் ஒரே கணினி, ஒரே ஆம்ப்ளிஃபயரில் ஒப்பிட்டேன். நடுவில் துளையிட்ட தடித்த அட்டையை ஹெட்ஃபோனின் காது மெத்தையில் அழுத்தி வைத்து, துளையில் கைபேசியின் ஒலிவாங்கியைப் பொருத்தி, எல்லாச் சுருதிகளும் கலந்த ‘பிங்க் நாய்ஸ்’ இரைச்சலை ஓடவிட்டு, ஒலியளவு காட்டும் செயலியில் இரண்டும் ஒரே எண் காட்டும் இடங்களைக் குறித்துக்கொண்டேன். கண்ணை மூடிக் கேட்டாலும் எது எதுவென்று தெரிந்துவிடும், ஏனெனில் 260 கிராம் எடையுள்ள ஹெச்டி 600-க்கும் அந்தப் பிளேனருக்கும் தலையில் உட்காரும் கனமே வேறு. ஆகவே இதை முழுமையான சோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கடையில் கேட்ட மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் அங்கே இல்லை. தொப்பியின் ஆழ்ந்த அடிநாதத்தில் பிளேனர் அழுத்தமாக நின்றது. ஹெச்டி 600-இல் அந்தப் பகுதியை ஏற்றும்போது ஒலியைக் கூட்டினால் சற்றே கலங்கியது. அந்த மேன்மை உண்மையானது. ஒலி பரந்து விரியும் விதத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு இருந்தது, ஈக்வலைசர் அதை மாற்றவில்லை. குரல், வயலின், தம்பூரா மூன்றிலும் எனக்கு என் பழையதே பிடித்தது. 2017-இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து, அவற்றின் அலைவெண் வளைகோட்டுக்கும் விலைக்கும் தொடர்பே காணவில்லை என்று வெளியிட்டிருந்ததை நான் படித்தது இதற்குப் பிறகுதான்.

பதினைந்தாம் நாள் கடைக்குப் போய், மடிக்கணினியின் ஈக்வலைசரை அணைத்துவிட்டுப் போடச் சொன்னேன். விற்பனையாளர் சற்றுத் தயங்கி, பிறகு அணைத்தார். மேசைமேல் இருந்த ஹெட்ஃபோன் என் வீட்டில் ஒலித்ததைப் போலவே ஒலித்தது. “டெமோவுக்கு எப்பவும் ஆன்லதான் சார் இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான்” என்றார். ஈக்வலைசர் போட்டுக் காட்டுவது தவறே இல்லை. ஒன்றுக்குப் போட்டு, இன்னொன்றுக்குப் போடாமல், அதைச் சொல்லாமலும் விடுவதுதான் ஏமாற்று.

பழைய ஹெட்ஃபோன் என்பது தெரிந்தது இதன் தொடர்ச்சியாகத்தான். கோப்பை ஏற்றிய பிறகும் மேல்சுருதிகளில் ஒரு கூர்மை உறுத்திக்கொண்டே இருந்தது. நாகசுரம் கேட்டால் பல் கூசியது. மெத்தைகள் நைந்து தட்டையானால் காதுக்கும் ஒலியெழுப்பும் தகட்டுக்கும் இடைவெளி குறைந்து ஒலியின் சமநிலை மாறும் என்பதால், பத்தொன்பதாம் நாள் அவற்றைக் கழற்றினேன். வலப்பக்க மெத்தையின் உள்விளிம்பில் நிரந்தரமாகிவிட்ட ஒரு மடிப்பு. தையலின் இடுக்கில் முகப்பவுடரின் வெளிர் படிவு. வலைத்தட்டில் என்னுடையதைவிட நீளமான ஒரு நரைமுடி. பெட்டியின் சீரியல் எண்ணும் ஹெட்ஃபோனின் உட்புறம் பொறித்த எண்ணும் வெவ்வேறாக இருந்தன. தயாரிப்பாளரின் தளத்தில் உத்தரவாதத்துக்குப் பதிவு செய்ய முயன்றபோது, அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருப்பதாக வந்தது. கடையில் பெட்டியைப் பிரித்தபோதே இரண்டு எண்களையும் சேர்த்துப் படம் எடுத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

கடை முதலில் எல்லாவற்றையும் மறுத்தது. பழைய பொருளைப் புதிதென்று விற்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்றே வரையறுக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, படங்களோடும் இரண்டு கோப்புகளின் ஒப்பீட்டோடும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிந்தேன். ஆறு வாரம் கழித்து ஹெட்ஃபோனைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 1,38,000 ரூபாயைத் தந்துவிட்டார்கள். ‘சேவை முடிந்துவிட்டது’ என்று சொல்லி 7,500 ரூபாயைத் தர மறுப்பதால் அது மட்டும் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

அந்தச் சேவைக்குப் பணம் கட்டிய வேறு சிலரும் இருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். உங்களுக்கு வந்த கோப்பை நோட்பேடில் திறந்து, ஆட்டோஈக்யூவில் உங்கள் மாதிரிக்குரிய எண்களோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், பில்லையும் அந்த மின்னஞ்சலையும் அழித்துவிடாதீர்கள். புகார் தரச் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது.