ஒரு போர்ட், நாலு கருவி: திருகு பெட்டியா, மின்னணு ஸ்விட்சா, ஹப்பா?

கணினியில் இருப்பது ஒரு போர்ட். அதில் செருக வேண்டியவை மூன்றோ நாலோ. குமிழைத் திருப்பி மாற்றும் திருகு பெட்டியா, சிப் வைத்து மாற்றும் மின்னணு பெட்டியா, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இணைக்கும் ஹப்பா, எது நல்லது என்று கேட்பதற்கு முன், அது எந்த போர்ட் என்று பார்க்க வேண்டும். சீரியல் போர்ட்டில் (ஒவ்வொரு பிட்டாக அனுப்புவது) வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓடும் திருகு பெட்டி, பேரலல் போர்ட்டில் (எட்டு பிட்டை ஒரே நேரத்தில் அனுப்பும் பழைய பிரிண்டர் போர்ட்) பிரிண்டரின் சிப்பையே எரித்துவிடலாம். யுஎஸ்பியிலோ அது பெரும்பாலும் தேவையே இல்லை.

திருகு பெட்டிக்குள் என்ன இருக்கிறது

மூடியைக் கழற்றினால் ஒரு தண்டு, அதில் கோத்த வட்டத் தகடுகள், கற்றை கற்றையாக ஒயர்கள், அவ்வளவுதான். சிப் இல்லை, அடாப்டர் வேண்டாம், டிரைவர் வேண்டாம். தகவல் இரு பக்கமும் தடையின்றிப் போகும். இதன் பலம் இந்த எளிமைதான்.

கோளாறும் அங்கேயேதான் இருக்கிறது. குமிழைத் திருப்பும்போது இருபத்தைந்து காண்டாக்டுகளும் ஒரே நொடியில் பிரிவதில்லை; சில முந்தும், சில பிந்தும். கிரவுண்டு (இரு பக்கத்துக்கும் பொதுவான பூஜ்ய வோல்ட் ஒயர்) முதலில் பிரிந்து சிக்னல் ஒயர்கள் இன்னும் தொட்டுக்கொண்டிருந்தால், கணினிக்கும் பிரிண்டருக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வித்தியாசம் அந்த மெல்லிய சிக்னல் கால்கள் வழியாகவே சமன்படப் பார்க்கும். இரண்டும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். 5 வோல்ட் சிப்புகள் இதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. லேசர் பிரிண்டர் தயாரிப்பாளர்கள் திருகு பெட்டி வேண்டாம் என்று எச்சரித்ததற்குக் காரணம் இதுதான்.

பெட்டி நல்லதா என்று பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். பீப் ஒலி நிலையில் வைத்து, ஒரு முனையைப் பொது போர்ட்டின் (கணினிக்குப் போவது) கிரவுண்டு பின்னிலும் மற்றதை இரண்டாம் போர்ட்டின் கிரவுண்டு பின்னிலும் தொடுங்கள். பேரலலில் கிரவுண்டு 18 முதல் 25 வரையுள்ள பின்கள். ஒன்பது பின் சீரியலில் 5. இருபத்தைந்து பின் சீரியலில் 7. குமிழ் முதல் போர்ட்டில் நிற்கும்போதும் பீப் கேட்க வேண்டும், மெதுவாகத் திருப்பும்போது ஒரு கணமும் அறுபடக் கூடாது. அறுபட்டால் அந்தப் பெட்டி கிரவுண்டையும் சேர்த்தே மாற்றுகிறது. எல்லா கேபிள்களையும் கழற்றிவிட்டு, உள்ளே எல்லா போர்ட்டுகளின் கிரவுண்டு பின்களையும் ஒரு தடித்த ஒயரால் இணைத்து சால்டர் வைத்தால் பாதி ஆபத்து போய்விடும். சால்டர் வைக்கப் பழக்கமில்லை என்றால், திருப்புவதற்கு முன் பிரிண்டர்களை அணைப்பதே வழி.

பேரலல்: மின்னணு பெட்டிக்கே என் ஓட்டு

1994இல் ஐஇஇஇ 1284 என்ற இருவழித் தரம் வந்தபின் பேரலல் பிரிண்டர்கள் விரிவாகத் திரும்பிப் பேசவும் ஆரம்பித்தன: மை தீர்ந்தது என்பது போல. பழைய மின்னணு பெட்டிகள் பல ஒரு பக்கம் மட்டுமே அனுப்பும். அவற்றில் அச்சு வரும். ஆனால் டிரைவர் பதிலுக்குக் காத்திருந்து 'பிரிண்டர் பதில் தரவில்லை' என்று நின்றுவிடும். வாங்கும்போது இருவழி 1284 ஆதரவு உண்டா என்று பாருங்கள். தனி அடாப்டர் உள்ளதையே எடுங்கள். சிக்னல் ஒயரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் பெட்டி, நீளமான கேபிளில் தடுமாறும். சாதாரண கேபிள் என்றால் மொத்தம் 3 மீட்டருக்குள் வைப்பது நல்லது. பெட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு கேபிளும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். மென்பொருள் பாதுகாப்பு டாங்கிள் (மென்பொருள் ஓட போர்ட்டில் மாட்ட வேண்டிய சாவி போன்ற கருவி) இருந்தால் அது நேராகக் கணினியில் இருக்க வேண்டும், பெட்டி அதற்குப் பிறகுதான். வெளி டிஸ்க் டிரைவ், ஸ்கேனர் போன்றவற்றை ஸ்விட்ச் பெட்டியின் பின்னால் வைக்கவே வேண்டாம். எழுதும் நடுவில் குமிழ் நகர்ந்தால் ஃபைல் போச்சு.

சீரியல்: திருகு பெட்டியே போதும்

சீரியல் போர்ட் பின்பற்றும் ஆர்எஸ்-232 முரட்டுத்தனமான தரம். எந்த இரண்டு ஒயர் உரசினாலும் தாங்கும்படி அதன் சிக்னல் அனுப்பும் சிப்புகள் இருக்க வேண்டும் என்பது விதியிலேயே உண்டு. பெறும் பக்கத்தில் 3 முதல் 7 கிலோ ஓம் வரை தடை கிரவுண்டுக்குப் போகிறது. அதனால் இணைப்பு அறுந்த கருவி அந்தரத்தில் தொங்கும் ஒயரிலிருந்து குப்பை எழுத்துகளைப் படிக்காமல் அமைதியாக இருக்கும். மின்னணு பெட்டிக்கு இங்கே கூடுதல் செலவு செய்ய வேண்டியதில்லை.

தொல்லை தருவது மின்சாரம் அல்ல, 'கணினி தயார்' என்று சொல்லும் டிடிஆர் என்ற ஒரே ஒயர். அது விழுந்தால் மோடம் போனை வைத்துவிடும். அதன் நிலை மாறினாலே சில மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள் ரீசெட் ஆகிவிடும். நடுவில் திருப்பிவிட்டு 'போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகிறது' என்று தேடுவதில் பயனில்லை. கருவிக்குக் கருவி பாட் வேகம் (தகவல் அனுப்பும் வேகம்) வேறாக இருந்தால், குமிழோடு சேர்த்து மென்பொருளிலும் மாற்ற வேண்டும். 3.3 வோல்ட் சீரியல் பின் உள்ள போர்டுகளை இந்தப் பெட்டியில் இணைக்கவே கூடாது. எதிர்ப்பக்கம் பிளஸ் மைனஸ் 12 வோல்ட் வரை வரும், போர்டு செத்துவிடும்.

கருவிகள் ஆர்எஸ்-485 (பல கருவிகள் ஒரே ஒயரைப் பகிரும் சீரியல் தரம்) பேசும் என்றால் பெட்டியே வேண்டாம். ஒரே ஜோடி ஒயரில் 32 வழக்கமான கருவிகள் வரை முகவரி கொடுத்து வரிசையாக மாட்டலாம்; இரு கோடியிலும் 120 ஓம் தடை வைக்க வேண்டும், நடுவில் வைக்கக் கூடாது.

யுஎஸ்பி: மாற்றாதே, பகிர்

யுஎஸ்பியில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி உண்டு. ஒரு கன்ட்ரோலரில் (கணினிக்குள் யுஎஸ்பியை நடத்தும் சிப்) 127 வரை போகலாம். எனவே இங்கே ஸ்விட்சுக்கு வேலை குறைவு, ஹப் போதும். 'யுஎஸ்பி ஸ்விட்ச்' என்று வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு கணினிகள் ஒரு பிரிண்டரைப் பகிர்வதற்கானவை, அதாவது தலைகீழ். கணினிப் பக்கம் எத்தனை நுழைவு, கருவிப் பக்கம் எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

அழுத்து பொத்தான் வைத்த மலிவு யுஎஸ்பி பெட்டியில் இரண்டு குறை. யுஎஸ்பி பிளக்கில் மின்சாரக் கால்கள் நீளம், தகவல் கால்கள் குட்டை. செருகும்போது மின்சாரம் முதலில் தொடட்டும் என்பதற்காக. பொத்தான் அந்த வரிசையைக் குலைக்கிறது. அதோடு 480 மெகாபிட் சிக்னலுக்கு 90 ஓம் மின்மறுப்பு மாறாத ஜோடி ஒயர் வழி வேண்டும். சாதா காண்டாக்ட் அதைக் கெடுக்கும். கருவி அடையாளம் தெரியாமல் போகும், அல்லது 12 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடும்.

ஹப்பில் அடாப்டர் இல்லாத வகை கீபோர்டு, மவுஸுக்குச் சரி. யுஎஸ்பி 2 விதிப்படி அதன் ஒவ்வொரு போர்ட்டும் தர வேண்டியது 100 மில்லிஆம்பியர்தான். வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டினால் சுழலத் தொடங்கி டிக், டிக் என்று நின்றுவிடும். அடாப்டர் உள்ள ஹப் எடுங்கள்: நாலு யுஎஸ்பி 3 போர்ட்டுக்கு 900 மில்லிஆம்பியர் வீதம் 3.6 ஆம்பியர், ஆக 5 வோல்ட் 4 ஆம்பியர் அடாப்டர். கேபிளையும் பாருங்கள். 28 கேஜ் (எண் கூடினால் கம்பி மெலியும்) மின்கம்பி உள்ள ஒன்றரை மீட்டர் கேபிளில் 900 மில்லிஆம்பியர் ஓடினால், போய்வரும் வழியில் அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். 24 கேஜில் கால் வோல்ட்டுக்குள் நிற்கும்.

யுஎஸ்பி 3 ஹப் வாங்கினால் பழைய கருவிகளும் வேகமாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. அதற்குள் இருப்பது இரண்டு ஹப். பழைய கருவிகள் எல்லாம் அதே 480 மெகாபிட் பாதையைத்தான் பங்கு போடும். அதனால்தான் ஒரே ஹப்பில் இரண்டாவது வெப்கேமரா படம் தர மறுக்கிறது. அதை வேறு கன்ட்ரோலரில் உள்ள போர்ட்டுக்கு மாற்றினால் சரியாகும்.

மலிவு ஹப்பின் உண்மையான ஆபத்து பின்னோக்கிப் பாயும் மின்சாரம். சோதனை எளிது: அடாப்டரை மாட்டி, கணினிக்குப் போகும் கேபிளை மட்டும் கழற்றி, அந்த ஏ வகை பிளக்கின் இரு ஓரக் கால்களில் மல்டிமீட்டரை வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 5 வோல்ட் காட்டினால் அந்த ஹப் கணினிக்குள் மின்சாரம் தள்ளுகிறது. அணைத்த கணினியில் விளக்கு மின்னுவதும், சின்ன போர்டு கணினிகள் சரியாக ரீஸ்டார்ட் ஆகாததும் இதன் அறிகுறி. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போர்ட்டுக்கு ஒரு பொத்தான் வைத்த ஹப் வசதிதான், கேபிளைப் பிடுங்கிச் செருகும் தேய்மானம் மிச்சம். ஆனால் பல ஹப்களில் அந்தப் பொத்தான் 5 வோல்ட்டை மட்டுமே அறுக்கும், தகவல் ஒயர்கள் இணைந்தே இருக்கும். பென்டிரைவ் என்றால் முதலில் இஜெக்ட் செய்து, அதன் விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே பொத்தானில் கை வையுங்கள்.