கட்சிப் பெயரோடு நிற்கும் நீதிபதிகள்: ஒரு ஞாயிறு வகுப்பின் மதிப்புரை

கடலூரில் வழக்குரைஞராக இருந்துகொண்டே சிவில் நீதிபதித் தேர்வுக்குப் படித்து வரும் நான், புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு பயிற்சி மையம் 400 ரூபாய் கட்டணத்தில் நடத்திய, நீதிபதிகள் நியமன முறைகளை ஒப்பிடும் மூன்று மணி நேர வகுப்புக்குச் சென்று வந்தேன். வகுப்பின் பெரும்பகுதி, அமெரிக்காவின் சில மாநிலங்களில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கட்சி வேட்பாளர்களாகவே நின்று ஓட்டுக் கேட்கும் முறையைப் பற்றியது. கொடுத்த காசுக்கு அதுவே போதும்.

ஆசிரியர் டெக்சாஸின் 2022ஆம் ஆண்டு மாதிரி வாக்குச்சீட்டை அச்சிட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஆளுநர் பதவிக்கு நிற்பவரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அதே கட்சிச் சுருக்கெழுத்து, சற்றுக் கீழே நீதிபதிக்கு நிற்பவரின் பெயருக்குப் பக்கத்திலும் இருந்தது. "சின்னம் எங்கே சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்க, வகுப்பே சிரித்தது. கொலீஜியம் எனப்படும் மூத்த நீதிபதிகள் குழுவின் பரிந்துரை, குடியரசுத் தலைவர் ஆணை என்றே படித்துப் பழகிய எங்களுக்கு, பாடநூலின் பத்துப் பக்கம் சொல்லாததை அந்த ஒரு தாள் சொல்லிவிட்டது.

அடுத்து அவர் எடுத்துக்கொண்ட கேப்பர்டன் வழக்கை இவ்வளவு தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை. மேற்கு வர்ஜீனியாவில் 5 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பை எதிர்கொண்டிருந்த நிலக்கரி நிறுவனத்தின் தலைவர், 2004 மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளரின் வெற்றிக்காகச் சுமார் 30 லட்சம் டாலர் செலவிட்டார். வென்று நீதிபதியான அவரும் இடம்பெற்ற அந்த நீதிமன்றம், அத்தீர்ப்பை 3-2 என ரத்து செய்தது. அந்த நீதிபதி வழக்கை விசாரிப்பதிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 பெரும்பான்மையில் சொன்னது.

குறை, அச்சிட்டுக் கொடுத்த நோட்ஸில்தான். 2018 தேர்தலிலிருந்தே வட கரோலினாவின் உச்ச நீதிமன்ற வேட்பாளர்களுக்குக் கட்சி அடையாளம் திரும்பிவிட்டபோதும், அது கட்சி சாராத மாநிலமென்றே அச்சாகியிருக்கிறது. விஸ்கான்சினோ கட்சிப் பட்டியலில் இருக்கிறது. அங்கே கட்சிகள் வெளிப்படையாகவே பணத்தை இறைத்தாலும், வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. முதன்மைத் தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும். இடைவேளையில் சொன்னேன், ஆசிரியர் மறுக்காமல் தம் படியில் பென்சிலால் திருத்திக்கொண்டார்.

நம் நாட்டில் கொலீஜியத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் 2015இல் ரத்தானதற்குக் கடைசிப் பத்து நிமிடம்தான் மிஞ்சியது. அதற்காகவே செல்ல நினைப்பவர்கள் தீர்ப்பை நேரடியாகப் படித்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பகுதிக்காக, நோட்ஸை நம்பாமல், தாராளமாகச் செல்லலாம்.