உயிரியலா, கணினி அறிவியலா: பொறியியலை நோக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்பதால், நான்காவது பாடமாக உயிரியலை எடுத்தாலும் கணினி அறிவியலை எடுத்தாலும் கட்-ஆஃப் மாறுவதில்லை. கணினிப் பொறியியல் படிக்கப் பள்ளியிலேயே கணினி அறிவியல் பயின்றிருக்க வேண்டும் என்ற பரவலான எண்ணமும் சரியன்று.

உயிரியல் பிரிவின் பலம், நீட் தேர்வு எழுதும் வழியும் வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகளும் திறந்தே இருப்பது. ஆயினும் தாவரவியல், விலங்கியல் என இரண்டு பாடநூல்களைச் சுமக்க வேண்டியிருப்பதால், கட்-ஆஃபைத் தீர்மானிக்கும் கணிதத்துக்குரிய நேரம் குறைகிறது. பெற்றோர்கள் பெரும்பாலும் கணக்கில் கொள்ளாத இழப்பு இதுதான். கணினி அறிவியலின் சுமை குறைவு. பதினொன்றில் சி++ மொழியையும் பன்னிரண்டில் பைத்தானையும் தொட்டுவிடுவதால் கல்லூரியின் முதல் பருவம் சற்று எளிதாகும், அதற்கு மேல் பெரிய அனுகூலம் இல்லை.

மருத்துவத்தின்மீது உண்மையான நாட்டம் இருப்பவர் உயிரியலை எடுக்கட்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மட்டும் எடுப்பவருக்குக் கணினி அறிவியலே பொருத்தம் என்பது என் கருத்து.