நாலு பிளஸ் மாத்திரை

நண்பர் ஒருவருக்கு மருத்துவர் சுகர் மாத்திரையை மாற்றி எழுதியிருக்கிறார். "எல்லா வகையையும் பார்த்தவர் நீங்கதானே, இந்த டாபாகிளிப்லோசின் எப்படி?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் பார்த்த மற்ற சுகர் மாத்திரைகள். மெட்பார்மினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுவதைக் குறைக்கிறது. ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னைப் பாடாய்ப் படுத்தியது கிளிமெபிரைடு. கணையத்தை முடுக்கி இன்சுலினை வெளியே தள்ளும், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவே பார்க்காது. சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனால் வியர்வை, கை நடுக்கம், எதிரே யார் வந்தாலும் கோபம். சர்க்கரையை மளமளவென்று இறக்கியதும் அதேதான், மறுக்கவில்லை. சிட்டாகிளிப்டின் பரம சாது. சாப்பிட்டதும் குடலில் சுரந்து இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஹார்மோனை ஒரு நொதி சில நிமிடங்களில் சிதைத்துவிடும். அந்த நொதியைத்தான் இது தடுக்கிறது. சர்க்கரை ஏறியிருக்கும்போதுதான் இன்சுலினைத் தூண்டும்.

டாபாகிளிப்லோசின் கணையத்தைச் சீண்டாமல் நேரே சிறுநீரகத்துக்குப் போகிறது. சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, ஏறக்குறைய முழுவதையும் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடும். அந்தத் திரும்பும் வழியில் பெரும்பகுதியை எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம்தான் பார்த்துக்கொள்கிறது. அதை அடைத்தால் மிஞ்சும் சர்க்கரை சிறுநீரோடு போய்விடும். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின்தான் இந்த வகையின் மூதாதை. தனியாகச் சாப்பிட்டால் லோ சுகர் ஏற்படுவது அபூர்வம், எடையும் ரத்த அழுத்தமும் சற்றே இறங்கும். 2015-இல் வந்த ஆய்வில், இதயநோயும் சர்க்கரையும் சேர்ந்து இருந்தவர்களிடம் இதே வகையைச் சேர்ந்த எம்பாகிளிப்லோசின் இதயநோய் மரணங்களை 38 சதவீதம் குறைத்தது. சர்க்கரை மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று அதுவரை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். இப்போது நான் சாப்பிடுவதும் டாபாகிளிப்லோசின்தான். ஒவ்வொரு முறையும் யூரின் ரிப்போர்ட்டில் சர்க்கரை "++++" என்று வருகிறது. லேபில் அதை நீட்டுகிறவர் முகத்தில் ஒரு பரிதாபம். வீட்டில் ஒரு விசாரணைக் கமிஷன். மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சியே அந்த நாலு பிளஸ்தான் ஐயா! அது வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். சாப்பிட்டு எத்தனை மணி நேரமாயிற்று என்று கேட்கிறார்கள், என்ன மாத்திரை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அதைவிட மோசம், யாரும் வாய்விட்டுச் சொல்லாத அரிப்பு. சர்க்கரை கலந்த சிறுநீர் பூஞ்சைக்கு விருந்து. ஒவ்வொரு முறையும் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் பாதி தப்பலாம். மீதிப் பாதிக்குக் களிம்பு. மருந்துச் சீட்டு எழுதும்போதே இதை ஒரு வரி சொன்னால் என்ன?

சிரித்துவிட்டுப் போக முடியாத ஒன்றும் உண்டு. காய்ச்சல், வாந்தி, சாப்பாடு இறங்காத நாள் என்றால் இந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் உடனே கேளுங்கள். அறுவை சிகிச்சை என்றால் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஏனென்றால், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறலாம். அப்போது குளுக்கோமீட்டர் சாதாரண அளவையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பதுதான் ஆபத்து.

இத்தனை மெச்சிவிட்டு இப்படிச் சொல்வது நியாயமா தெரியவில்லை. இன்றைக்கு என்னைக் கேட்டால் என் ஓட்டு சிட்டாகிளிப்டினுக்குத்தான். போன வாரம்தான் மறுபடி களிம்பு வாங்கினேன், அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை. அப்படியானால் நிறுத்தப்போகிறீர்களா என்று நண்பர் கேட்பார். இதயத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்தது. இன்று காலையும் போட்டாகிவிட்டது.