தவறாக நிரம்பிய தோட்டாவைப் பிரிக்கும் கருவிகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்காவில் வேட்டைக்குச் செல்வோரும் குறி சுடும் பயிற்சி செய்வோரும் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது பரவலான வழக்கம். புதிதாகத் தொடங்குபவர்கள் நெம்புகோலால் அழுத்தும் கருவியான பிரஸ், தராசு, பிரஸ்ஸில் பொருத்தி உறையைச் சீராக்கும் அச்சான டை ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். தவறாக நிரம்பிய தோட்டாவைப் பிரிக்கும் கருவியை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சுத்தியல் வகை, காலெட் வகை என்ற இரண்டு வகைப் பிரிப்பான்களையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் நான், அதைப் பிரஸ்ஸோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும் என்பேன். பிரிப்பான் கையில் இல்லாதபோது ஒரு தோட்டாவின் மேல் சந்தேகம் எழுந்தால், சரியாகத்தான் இருக்கும் என்று மனம் சமாதானம் சொல்லிவிடுகிறது. கருவி மேசையிலேயே இருந்தால் பிரித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கைத்துப்பாக்கித் தோட்டாவில் இந்தச் சந்தேகத்தை அலட்சியப்படுத்தவே கூடாது. டைட்குரூப் போன்ற வேகமாக எரியும் வெடிமருந்து 9 மி.மீ. உறைக்குள் மிகக் குறைந்த இடத்தையே பிடிப்பதால், இரண்டாம் முறை மருந்து விழுந்தாலும் வழியாமல் உள்ளே அடங்கிவிடும். அதைச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம். மருந்தே விழாத தோட்டாவும் அதே அளவு ஆபத்தானது. உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவழியில் நிறுத்திவிடும். அதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் புடைக்கும், அல்லது பிளக்கும். தராசில் நிறுத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு கிரெய்ன் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். கைத்துப்பாக்கித் தோட்டாவின் மருந்தே சில கிரெய்ன்தான். உறைக்கு உறை, குண்டுக்குக் குண்டு உள்ள எடை வேறுபாட்டிலேயே அந்த அளவு மறைந்துவிடும். .30-06 போன்ற பெரிய ரைபிள் தோட்டாவில் மருந்தே இல்லையென்றால் தராசு காட்டிக்கொடுக்கும்; சிறு பிழையை அங்கும் காட்டாது.

சுத்தியல் வகைப் பிரிப்பானின் தலை உள்ளீடற்ற பிளாஸ்டிக்கால் ஆனது. ரப்பர் வளையம் கட்டிய மூன்று துண்டுத் தாடை உறையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, மூடியைத் திருகி, கெட்டியான தளத்தில் ஓங்கித் தட்டினால் குண்டு தன் எடையாலேயே கழன்று மருந்தோடு தலைக்குள் விழுகிறது. கான்கிரீட் தரையோ கனமான மரக்கட்டையின் வெட்டுமுகமோ இதற்கு ஏற்றது. மெல்லிய பலகை அடியின் வேகத்தைத் தானே விழுங்கிவிடும். தலையின் அடியில் காதடைக்கும் பஞ்சு ஒன்றைப் போட்டுவைத்தால் குண்டின் முனை நசுங்காது. ஆனால் அந்தப் பஞ்சின் கீழும் பிளாஸ்டிக் சுவரிலும் மருந்துத் துகள்கள் ஒட்டி நிற்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் பஞ்சை வெளியே எடுத்துத் தட்டிப் பார்க்கிறேன். நாள்பட்ட பயன்பாட்டில் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழும். விளக்கொளியில் அது கண்ணில் பட்டதும் கருவியை மாற்றிவிட வேண்டும். தாடைக்குப் பதிலாகப் பிரஸ்ஸில் உறையைப் பிடித்துவைக்கும் ஷெல் ஹோல்டரைப் பொருத்தித் தட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் கலவை விளிம்புக்குள்ளேயே இருப்பதால், அதை இக்கருவியில் ஒருபோதும் வைக்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் நான் இதைத் தொடுவதில்லை.

பிரஸ்ஸில் பொருத்தும் காலெட் வகை, காலெட் என்ற பிடிவளையத்தால் குண்டைப் பக்கவாட்டில் இறுகப் பிடித்து மேலே உருவுகிறது. அடி விழுவதில்லை, மருந்தும் சிந்துவதில்லை. பிரைமர் மேலே துருத்தி நிற்கும் தோட்டாவுக்கு நான் இதையே தேர்ந்தெடுக்கிறேன்; மருந்து நிரம்பிய தோட்டாவில் பிரைமரை மீண்டும் உள்ளே அழுத்துவது பெரும் ஆபத்து. குட்டையான கைத்துப்பாக்கிக் குண்டிலும் வெறும் ஈயக் குண்டிலும் காலெட்டுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை என்பதே இதன் குறை.

பிரித்த மருந்தை டப்பாவில் திரும்பக் கொட்டுவதை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டேன். நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து இன்ன மருந்து என்று முடிவுசெய்ய இயலாது. வேறொரு மருந்தின் ஒரு பிடி கலந்தாலும் முழு டப்பாவும் நம்பகம் இழந்துவிடும். சிறிதளவு மருந்தைத் தோட்டத்து மண்ணில் மெல்லிதாகத் தூவிவிடுகிறேன். அதிலுள்ள நைட்ரஜன் மண்ணோடு சேர்ந்துவிடும். உறையில் இருக்கும் பிரைமரை எண்ணெய் விட்டுச் செயலிழக்கச் செய்யலாம் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். எண்ணெயில் ஊறிய பிரைமரும் வெடிக்கக்கூடும். பிரைமர் நல்ல நிலையில் இருந்தால் அதை வெளியே தள்ளாமல், டையின் ஊசியைக் கழற்றிவிட்டு உறையின் கழுத்தை மட்டும் சீர்செய்து மீண்டும் பயன்படுத்துகிறேன்.

கைத்துப்பாக்கித் தோட்டா மட்டும் நிரப்புபவருக்குச் சுத்தியல் வகையே போதும். ரைபிளுக்கும் நிரப்புபவர் காலெட் வகையையும் சேர்த்து வாங்கலாம். காலெட்டை ஒவ்வொரு குண்டு விட்டத்துக்கும் தனியாக வாங்க வேண்டியிருக்கும் என்பதைச் செலவில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.