பழைய மெசி ட்ராக்டருக்குப் பஞ்சிகாவத்தைச் சாமான்: சில வருட அனுபவம்

எனக்கு வேலை கொழும்பில், வயல் கிளிநொச்சியில். அப்பாவின் மெசி ஃபேர்கசன் 135 ட்ராக்டருக்குச் சாமான் தேடுவது என் பொறுப்பு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியபோது, கம்பனிப் பெட்டியில் வரும் சாமானின் விலையைக் கேட்கவே பயமாகிவிட்டது. அதிலிருந்து, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடி, பொருந்துகிற இடத்தில் வேறு வாகனச் சாமானைப் போட்டே ஓட்டுகிறோம்.

அதிகம் லாபம் தந்தது, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் அல்டர்நேட்டர்தான். பழைய டைனமோ, என்ஜின் மெதுவாக ஓடும்போது சரியாகச் சார்ஜ் ஏற்றாது. பாவித்த ஜப்பான் கார் அல்டர்நேட்டர் ஒன்றை வாங்கினோம். சார்ஜை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருப்பதால் பழைய கன்ட்ரோல் பொக்ஸ் தேவையில்லை. பட்டறையில் பிராக்கெட் அடித்து, பெல்ட் நேராக ஓடும்படி மாட்டியாகிவிட்டது. இரண்டு விஷயம் கவனம். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பற்றரியின் பொசிட்டிவ் பக்கம்தான் எர்த், அதாவது வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பார்க்காமல் மாட்டினால் அல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோட் எரிந்துவிடும். அப்புறம், சார்ஜ் லைட் பல்பை மாட்டாமல் விடக்கூடாது. பல அல்டர்நேட்டர்கள் அதன் வழியாக வரும் கரண்டில்தான் சார்ஜ் செய்யவே தொடங்கும்.

பெயரிங்குக்கு ட்ராக்டர் பெயரைச் சொல்லாதீர்கள், நம்பரைச் சொல்லுங்கள். 6203 என்றால் யார் செய்தாலும் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். சேற்று உழவுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் நல்லது. டீசல் ஃபில்டரும் அப்படித்தான்: சி.ஏ.வி 296 வகை பல என்ஜின்களுக்குப் பொது.

சுழலும் தண்டைச் சுற்றி ஒயில் ஒழுகாமல் பிடிக்கும் ஒயில் சீலில்தான் ஏமாற்றம். பழைய மெசியில் பல அளவுகள் அங்குலக் கணக்கு. ஒன்றேமுக்கால் அங்குலத் தண்டு 44.45 மில்லிமீட்டர். "45 போடுங்க தம்பி, பிடிக்கும்" என்றார் ஒரு கடைக்காரர். பிடிக்கவில்லை, ஒழுகியது. மரையிலும் இதே தொல்லை. 5/16 அங்குல போல்ட்டும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுதான்; மாற்றி முறுக்கினால் இரண்டு சுற்றுப் போய் இறுகும், அதற்கு மேல் பலம் கொடுத்தால் வார்ப்பு இரும்பில் உள்ள மரையே போய்விடும். நுணுக்கமாக அளக்கும் வேர்னியர் கலிப்பர் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

பிரேக், ஸ்டியரிங் இரண்டிலும் மட்டும் இந்த விளையாட்டு இல்லை. நெல் மூட்டை ஏற்றிய ட்ரெயிலரோடு வாய்க்கால் கட்டால் போகிற வண்டி. எத்தனை கடை ஏறி இறங்கினாலும் அங்கே ஒறிஜினல்தான்.